கொழுப்புக் குறைந்து பிறந்தவனுக்கு

தம்பி,

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற அப்பா யார் என்று நீ சிரிப்பாய். சிரி. கைபேசியில் நான்கு வரி தட்டிவிட எனக்கும் தெரியும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான்கு வரியில் பதில் இல்லை. "அப்பா, அம்மா லாரா வீட்டை வருவாவோ, மாட்டாவோ? ஓம், இல்லை எண்டு ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டாய். நான் "பாப்பம்" என்றேன். நம் வீட்டில் "பாப்பம்" என்றால் அப்பா நழுவப் பார்க்கிறார் என்று அர்த்தம். அது உனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அதனால்தான் டீட்டிகோன் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து, நல்ல பேனை ஒன்றைத் தேடி எடுத்து, தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பத்து வருஷம் அழுது அழுது போனாயே, அந்தக் கண்ணீருக்கு இன்றைக்காவது ஒரு பிரயோசனம் வரட்டும். நீ எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான். நான் சொல்ல வருவதை அவசரமாக வாசித்தால் என்மேல் கோபம் வரும், மெதுவாக வாசித்தால் சிரிப்பு வரும் என்று நம்புகிறேன்.

சோயா என்றால் உன் அம்மாவுக்கு என்னவென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ ஏழாம் மாதத்தில் பிறந்து மூச்செடுக்க முடியாமல் கிடந்தபோது, சோயாவில் இருந்து எடுத்த மருந்துதான் உன்னைக் காப்பாற்றியது என்று அவள் சொல்லாத ஆள் இல்லை. உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், கேக் வெட்டுவதற்கு முன்னால், ஒரு சட்டி சோயாமீற் கறி வந்துவிடும். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று கரண்டி விழுங்குவாய். "நன்றி மறக்கக்கூடாது" என்று அவள் நிற்பாள். இப்படிப்பட்டவளிடம்தான் போன மாதம் லாராவின் அப்பா உர்ஸ் ஒரு பெட்டி அப்பிள் பழத்தோடு வந்து சேர்ந்தார். நீயும் லாராவும் மற்றப் பெட்டியை எடுக்கக் காருக்குப் போயிருந்தீர்கள். உன் வருங்கால மாமனார் விவசாயி என்று நீ சொல்லியிருந்தாய். அம்மா தன் மனதுக்குள்ளேயே அவருக்கு ஒரு அப்பிள் தோட்டம் போட்டு, பத்து மாட்டுக்கு மணியும் கட்டிவிட்டிருந்தாள். தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எத்தனை மாடு என்று கேட்டாள். உர்ஸ் வாய் நிறையச் சிரித்து, மாடு இல்லை என்று கையை ஆட்டி, "சோய்!" என்றார். லுட்சேர்ன் பக்கத்து ஊர்ப் பேச்சில் பன்றிகளுக்கு அதுதான் பெயர். அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போல் ஆகிவிட்டது. "இஞ்சாருங்கோ, சோயாவாம்! சோயா வளக்கிறவையாம்! கடவுள் பொருத்தின பொருத்தமப்பா இது" என்று என் பக்கம் திரும்பினாள். உர்சுக்கும் சந்தோஷம். தன் பன்றிகளைப் பற்றிக் கேட்டு இவ்வளவு மகிழ்ந்த ஒரு பெண்ணை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார். இருவரும் கைகுலுக்கினார்கள்.

எனக்கு அவர் சொன்னது விளங்கியது. முப்பது வருஷம் இந்த நாட்டில் இருக்கிற எனக்குச் சோய் எது, சோயா எது என்று தெரியாதா? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலில் ஆளாளுக்குச் சம்பந்தி வீட்டுச் சோயாத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னபோதும் பக்கத்தில் நின்று பிரசாதம் சாப்பிட்டேன். பிறகு லாரா, பாவம், நல்ல மனதோடு, பிறந்து ஒரு நாளான பன்றிக்குட்டிகளின் படத்தை அம்மாவின் கைபேசிக்கு அனுப்பிவைத்தாள். மிச்சம் உனக்குத் தெரியும். நிச்சயத் தட்டுகளோடு பெண் வீட்டுக்குப் போக நாள் குறித்த பிறகு, "கலியாண மண்டபத்துக்கு வருவன். அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்" என்று அம்மா நின்றாள். நீயும் உன் பங்குக்கு, "அப்ப மண்டபத்துக்கும் வரவேண்டாம்" என்று தொலைபேசியை வைத்தாய். பத்து நாளாக நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அவள் பன்றியை அருவருக்கிறாள் என்று நீ நினைக்கிறாய். அது பாதிதான். மற்றப் பாதி, கடவுள் பொருத்தம் என்று நம்பிய சோயாவை அவளிடம் இருந்து பறித்துக்கொண்ட கோபம். அந்தச் சோயாவை அவளுக்குக் கொடுத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ பிறந்தபோது நாங்கள் டாவோசில் இருந்தோம். நான் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அந்த வேலையைப் பற்றி நான் குறைவாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். கொழுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்தத் தொட்டியில்தான் படித்தேன். ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவன் நான். இலிப்பிட்டு, கொழுப்பமிலம், பொசுபோலிப்பிட்டு என்று கொழுப்புப் பெயர்களைத் தமிழில் பாடமாக்கி, பரீட்சை எழுதாமலேயே வெளிக்கிட்டு வந்தவன். சொற்கள் தலைக்குள் இருந்தன, பொருள் ஒன்றும் கையில் இல்லை. டாவோசில் முதல் பனிக்காலத்தில் அம்மா யன்னலோரம் வைத்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாகிப் போனது. பக்கத்தில் இருந்த நல்லெண்ணெய் அப்படியே ஓடியது. "கடைக்காரன் மெழுகைக் கலந்து வித்துப்போட்டான்" என்று அவள் சண்டைக்குப் போகப் புறப்பட்டாள். மறித்து வைத்து விளக்கம் சொன்னேன். கொழுப்பமிலம் என்பது ஒரு நீண்ட வால். தேங்காயெண்ணெயில் அந்த வால்கள் நேரானவை. நேரான விறகை அடுக்கினால் நெருக்கமாக அடங்கும், குளிர் வந்ததும் இறுகிவிடும். நல்லெண்ணெயில் பல வால்களில் நடுவே ஒரு வளைவு இருக்கிறது. வளைந்த விறகை அடுக்கிப் பார், இடைவெளி விட்டுத்தான் நிற்கும், இறுகாது. "இதைப் படிச்சுத்தானோ கோப்பை கழுவுறீங்கள்?" என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது நீ அவள் வயிற்றில் நான்கு மாதம்.

ஏழாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நெரிசலில், ராக்ளெட் என்கிற உருக்கிய சீஸ் ஒட்டிய தட்டுகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. அம்மாவைப் பள்ளத்தாக்கில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்சில் கொண்டுபோய்விட்டார்கள். ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ரயில் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நீ பிறந்துவிட்டாய். அம்மா சத்திரசிகிச்சை மயக்கத்தில் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் நீ கிடந்தாய், என் ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தது. உதடு நீலம். இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்து மெதுவான ஜெர்மனில் விளக்கினார். எனக்கோ சமையலறை ஜெர்மன். சட்டி, தட்டு, கெதியாய் என்ற மூன்றுக்கு மேல் போகாது. பிள்ளையின் நுரையீரலில் ஒரு கொழுப்புப் போதாது என்று சொன்னது மட்டும் பிடிபட்டது. பிறகு ஹோட்டலில் என்னோடு வேலை செய்த சின்னராசா அண்ணைக்குத் தொலைபேசியில் அழுதழுது, "பிள்ளைக்குக் கொழுப்புக் குறைவாம் அண்ணை" என்றேன். அவர் அந்த நேரத்திலும், "உன்ர பிள்ளைக்கோ? நம்பேலாது" என்றார். மகனுக்குக் கொழுப்புக் குறைவு என்று டொக்டர் வாயால் கேட்ட ஒரே தமிழ்த் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். அந்தக் குறையை நீ பதின்மூன்று வயதில் இருந்து வட்டியும் முதலுமாகத் தீர்த்துவைத்தாய் என்பது வேறு கதை.

டொக்டர் என் ஏப்ரனைப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்" என்று ஒரு மெல்லிய பொலித்தீன் பையை எடுத்து, உள்ளே தண்ணீர் விட்டுக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, என்னிடம் தந்து ஊதச் சொன்னார். ஈரமான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியவே இல்லை. பிறகு கை கழுவுகிற சவர்க்காரத்தில் ஒரு துளி உள்ளே விட்டுத் தந்தார். ஊதினேன், விரிந்தது. நுரையீரல் முழுவதும் இப்படிக் குட்டிக் குட்டிப் பைகள்தான், உள்பக்கம் ஈரம்தான் என்று சைகையும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து சொன்னார். தண்ணீர்த் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். அந்த இழுவையில் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க உடம்பே ஒரு சவர்க்காரம் செய்கிறது, அதன் பெரும்பகுதி கொழுப்பு, கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அதைப் போதிய அளவு செய்யத் தொடங்கும் என்றார். நீ அதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாய். ஒரு காகிதத்தில் ஒரு வட்டமும் இரண்டு வாலும் கீறினார். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால் இரண்டுக்கும் தண்ணீர் பிடிக்காது. அதனால் தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வால்களைக் காற்றுப் பக்கம் நீட்டி வரிசையாக நிற்கும், இழுவையும் தளரும் என்று காட்டினார். நான் என்னை மறந்து தமிழில், "பொசுபோலிப்பிட்டு!" என்று கத்திவிட்டேன். டொக்டர் திடுக்கிட்டுப் பார்த்து, பிறகு தலையை ஆட்டினார். அவருக்கும் விளங்கிவிட்டது. ஊரில் பாடமாக்கிய சொல்லுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். இந்த மருந்து பன்றியின் நுரையீரலில் இருந்து எடுக்கப்படுவது, உங்கள் சமயத்தில் ஏதும் தடை உண்டா என்றார். நான் தடை இல்லை என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். மருந்து பால் போல வெள்ளையாக இருந்தது. ஒரு தேக்கரண்டி கூட இராது. மெல்லிய குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். இயந்திரத்தில் எண்கள் ஏறின. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக் குழி விழுவது குறைந்தது. உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தேன். தாதி எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மத்தியானம் ஒன்று வரவில்லை. உன் கலியாணத்தன்று வரலாம்.

பின்னேரம் அம்மா கண் விழித்தாள். எழும்ப முடியாது, உன்னைப் பார்க்க முடியாது. வெங்காயம்கூடச் சேர்க்காமல் விரதம் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், முட்டை போட்ட கேக்கை மணந்தே கண்டுபிடிப்பவள். "பிள்ளைக்கு என்ன மருந்து குடுத்தவை?" என்று கேட்டாள். "ஒரு கொழுப்பு" என்றேன். "என்ன கொழுப்பு? மாட்டின்ர ஏதுமோ?" என்று கண் கலங்கினாள். இதே இனக் கொழுப்பு முட்டை மஞ்சட்கருவிலும் சோயாவிலும் உண்டு என்று டொக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது ஞாபகம் வந்தது. "சோயா" என்றேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். தம்பி, அது பெரிய பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லலாம் என்றிருந்தேன். போன முதல் கிழமையே சோயாமீற் கறி வந்துவிட்டது. அந்தக் கறியைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

உனக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். உனக்குப் பதினாறு வயதில் எனக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னதும், நான் வீட்டில் இருந்தே கொழுப்பைத் துரத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? தேங்காய்ப்பால் இல்லை, நெய் இல்லை, தாளிப்பு இல்லை. ஆறு மாதம் அவித்த கறியை நீயும் தின்றாய். எனக்கு மருந்தும் நடையும் போதும் என்று டொக்டர் சொன்னதை நான்தான் மிகையாக்கினேன். நீ பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, "அப்பா, உங்கட உடம்பிலை ஒவ்வொரு கலத்துக்கும் சுவர் கொழுப்புத்தான். ரெண்டு வரிசை, வால் உள்ளுக்கை, தலை வெளியாலை. அதுக்கிடையிலை கொலஸ்ட்ரோலும் இருக்கு. மூளையிலை நரம்பைச் சுத்தியிருக்கிற உறையும் கொழுப்பு. நீங்கள் துரத்தினாலும் அது போகாது" என்று படிப்பித்தாய். கொலஸ்ட்ரோலில் இருந்துதான் உடம்பு பல ஓமோன்களைச் செய்கிறது, வெயில் படும்போது விற்றமின் டியும் அந்த வழியில்தான் வருகிறது என்று அடுக்கினாய். நான் உன்னிடம், "உனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்று கத்தினேன். "அதுதானே சொல்லுறன், எல்லாருக்கும் இருக்கு" என்றாய். அன்றைக்கு உனக்கு ஓர் அறை விழவேண்டியது. அம்மா சிரித்துவிட்டதால் தப்பினாய். நீ சொன்னது சரி. பயத்தில் ஒன்றை முழுதாக வெறுக்கிறவனுக்கு அது என்னவென்றே தெரிவதில்லை. அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும், இப்போது கேட்கிறேன்.

இனி நீ இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கப்போகிறவன். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் லாரா. ஒரு பக்கத்துக்காக மற்றப் பக்கத்திடம் தொலைபேசியை வைக்காதே. உன் நெஞ்சுக்குள் அந்தக் கொழுப்பு எப்படி நிற்கிறது என்று யோசித்துப்பார். தலை ஓரிடம், வால் ஓரிடம். இரண்டையும் விடாமல் நிற்பதால்தான் நீ இதை வாசிக்கிற நேரமும் மூச்சு விடுகிறாய். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு சொல்லைச் சொல்ல இருபத்தெட்டு வருஷம் எடுத்தவன் நான். லாராவிடம் எதையும் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான்.

நேற்றுக் காலையில் சொல்லிவிட்டேன். அம்மா மண்டபத்துக்கென்று பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், ஒரு விசயம் கதைக்கவேணும். அடுப்பை நிப்பாட்டும்."

"எண்ணெய் இப்பதான் காய்ஞ்சது. சொல்லுங்கோ."

"தம்பிக்கு அண்டைக்குக் குடுத்த மருந்து சோயா இல்லை."

"அப்ப?"

"பண்டி. பண்டியின்ர சுவாசப்பையிலை இருந்து எடுத்தது."

எண்ணெயில் கிடந்த பணியாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வடியவிட்டாள். அடுப்பை அணைத்தாள். வடிகரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருசம்! எனக்கு அந்தச் சோயாமீற்றைக் கண்ணிலையும் காட்டக்கூடாது, தெரியுமோ உங்களுக்கு? ரப்பர் மாதிரி. நேர்த்தியெண்டு நினைச்சு மூச்சை அடக்கிக்கொண்டு திண்டனான்!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டாள். கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

"பண்டியெண்டு சொல்லித்தான் உங்களைக் கேட்டவையோ?"

"ஓம்."

"நீங்கள் யோசிச்சனீங்களோ?"

"இல்லை."

"ஒரு நிமிசமும்?"

"இல்லையப்பா."

"நல்ல காலம்" என்றாள். "என்னட்டைக் கேட்டிருந்தால் நான் யோசிச்சிருப்பன்."

அவள் எழும்பிச் சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். நான் பயந்துகொண்டு பணியாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது முகம் கழுவி, புதுசாகத் திருநீறு பூசியிருந்தாள். "தாயில்லாத பண்டிக்குட்டியளுக்குச் சிவனே தாய்ப்பண்டியா வந்து பால் குடுத்தவர் எண்டு கோயிலிலை சொல்லக் கேட்டிருக்கிறன். கடவுளுக்கு ஏன் இந்த வேலை எண்டு நினைச்சிருக்கிறன்" என்றாள். கொஞ்சம் நின்று, "லாரா வீட்டை போற பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஓம். வருகிறாள். ஆனால் நீயே அவளுக்குத் தொலைபேசி எடுத்துக் கதை. "மன்னியுங்கோ" என்று தொடங்காதே, அவளுக்கு அழுகை வரும். சாப்பிட்டீங்களோ என்று தொடங்கு. இன்னொரு வேலையும் உனக்கு இருக்கிறது. பன்றி வாழைப்பழம் தின்னுமா, தோலோடு தின்னுமா என்று உர்சிடம் கேட்டுச் சொல். அம்மா நிச்சயத்துக்கு வைத்த ஐந்து தட்டுகளோடு இன்று காலை ஆறாவதாக ஒன்றைத் துடைத்து வைத்து, அப்பிளும் கரட்டும் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆருக்கு என்று கேட்டேன். குட்டி போட்ட தாய்ப்பண்டிக்கு என்றாள். அந்த மருந்து உர்சின்ர பண்டியிலை இருந்து வந்ததில்லையே, பண்டிக்கும் தட்டமோ என்று நான் இழுத்தேன். அவள் கரட்டை நேராக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"இருக்கட்டும். அதுகளின்ர இனந்தானே. பெண் எடுக்கிற வீடு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எனக்குப் பிள்ளை தந்த வீடு."